இரண்டு கிலோபைட்டுக்குள் ஓர் இயங்குதளம்

"மாமா, இதற்குள் விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்டான் அக்காள் மகன். பள்ளி விடுமுறைக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் பாயான் பாருவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் என் பழைய ஆர்டுயினோ ஊனோ பலகை, அதாவது நாமே நிரல் ஏற்றக்கூடிய சில்லு பதித்த சிறு மின்சுற்றுப் பலகை. இரண்டும் இல்லை என்றேன்.

"அப்படியானால் இதை யார் ஓட்டுவது?"

"நீ எழுதும் நிரல்தான். அதை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அரை கிலோபைட் ஏற்றி ஒன்றைத் தவிர உள்ளே வேறு யாரும் இல்லை."

சற்று நேரம் பலகையைப் புரட்டிப் பார்த்தான். "அப்படியானால் நாமே ஓர் இயங்குதளம் எழுதிவிடலாமே." பதினாறு வயதில் எதையும் எழுதிவிடலாம்.

எழுதிவிட்டோம். நான்கு வார இறுதிகள் பிடித்தன. நாங்கள் போன வழியையும், வழியில் விழுந்த பள்ளங்களையும் இங்கே எழுதுகிறேன். சி மொழியில் அணி, பாயிண்டர், செயற்கூறு ஆகியவை தெரிந்து, ஒரு விளக்கையாவது மினுக்கவைத்திருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே இயங்குதளம் என்றால் திரையும் கோப்புகளும் அல்ல. ஒரே ஒரு செயலி இருக்க, மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பெரிய இயங்குதளங்களின் அடிவயிற்றிலும் இதே வித்தைதான் இருக்கிறது.

எந்தச் சில்லு, என்ன வாங்குவது

ஊனோவில் இருப்பது ஏடிமெகா328பி. நிரலுக்கு 32 கிலோபைட், வேலை நினைவகம் 2 கிலோபைட், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், செயலி கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் பொதுப் பதிவகங்கள் 32. நார்வேயின் திரோண்ட்ஹெய்ம் நகரில் இரண்டு மாணவர்கள் தொடங்கிவைத்த ஏவிஆர் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய சில்லுகள் மலிவாகவே கிடைக்கின்றன. புளூ பில் என்று அழைக்கப்படும் பலகையில் 20 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. ராஸ்பெரி பை பிக்கோவில் 264. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு நான் ஏழைச் சில்லைத்தான் பரிந்துரைப்பேன். 2048 பைட்டுகளில் ஒவ்வொன்றும் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பார்க்க முடியும். 264 கிலோபைட்டில் தவறுகள் வசதியாக ஒளிந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் இந்தச் சில்லுப் பேச்சு புதிதல்ல. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய பிறகு ஆலை வேலைக்குப் போனவர்களில் என் அம்மாவும் ஒருவர். நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லில் ஒட்டும் வேலை. அதற்குள் என்ன ஓடுகிறது என்று வீட்டில் முதன்முதலாகக் கேட்டவன் அவருடைய பேரன்தான்.

பலகையைத் தவிர ஓர் அழுத்துபொத்தான், ஒளி உணரும் மின்தடை ஒன்று, அதனோடு இணைக்க 10 கிலோஓம் மின்தடை ஒன்று, நான்கைந்து இணைப்புக் கம்பிகள் போதும். விளக்கு பலகையிலேயே 13ஆம் முனையில் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்குப் புடுவில் ஜாலான் பாசார் இருக்கிறது. மற்றவர்களுக்கு இணையக் கடைகள். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் நான் எதை வேண்டுமானாலும் வாங்குவேன், யூஎஸ்பி கம்பியை மட்டும் வாங்க மாட்டேன். மின்னேற்றம் மட்டும் செய்யும் கம்பி ஒன்றை அங்கே வாங்கி வந்து, பலகை செத்துவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் துக்கம் காத்திருக்கிறேன். பலகையே இல்லாதவர்கள், பலகையைப்போல் நடித்துக் காட்டும் வோக்வி பாவிப்பியில் உலாவியிலேயே தொடங்கலாம். ஊனோ அதில் இருக்கிறது.

முதல் படி: வேண்டுமென்றே தோற்பது

இயங்குதளம் இல்லாமல் மூன்று வேலைகளையும் ஒரே சுழலில் எழுதுங்கள். விளக்கு அரை விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டும். ஒளி அளவை 2 விநாடிக்கு ஒருமுறை கணினிக்கு அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்தினால் மினுக்கும் வேகம் மாற வேண்டும். காத்திருப்பதற்கு வழக்கமான டிலே கட்டளையையே பயன்படுத்துங்கள்.

பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல முறை கேட்காது. செயலி அரை விநாடி சும்மா நின்று எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டீர்கள். அனுப்புவதிலும் நேரம் போகிறது. விநாடிக்கு 9600 துணுக்கு (பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 துணுக்குகள், அதாவது ஏறத்தாழ 1 மில்லிவிநாடி. 30 எழுத்து வரி ஒன்றை ஒவ்வோர் எழுத்தாக அனுப்பிக் காத்திருந்தால் 31 மில்லிவிநாடி போய்விடும். அந்த இடைவெளியில் இந்தச் சில்லு ஏறத்தாழ ஐந்து லட்சம் கடிகாரச் சுற்றுகளை வீணாக்குகிறது.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பொத்தான் கேட்காத எரிச்சலை அனுபவித்தவருக்குத்தான் பின்னால் வரும் பாடெல்லாம் எதற்கு என்று புரியும்.

இரண்டாம் படி: இதயத் துடிப்பு

காலத்தை எண்ணும் வேலையைச் செயலியிடமிருந்து பிடுங்கி டைமரிடம் கொடுங்கள். இந்தச் சில்லில் மூன்று டைமர்கள் உண்டு. ஆர்டுயினோவின் நேரக் கணக்கு டைமர்0இல் ஓடுவதால் அதைத் தொடாமல் டைமர்1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 16 மெகாஹெர்ட்ஸை 64ஆல் வகுத்தால் விநாடிக்கு 250,000 எண்ணிக்கை. 250 எண்ணினால் சரியாக 1 மில்லிவிநாடி; அதுதான் நம் ஒரு துடிப்பு. எதுவரை எண்ண வேண்டும் என்று டைமருக்குச் சொல்லும் ஒப்பீட்டுப் பதிவகத்தில் 249 என்று எழுதுங்கள், 250 அல்ல. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இந்த ஒன்றைத் தவறவிட்டால் கடிகாரம் ஒரு நாளைக்கு ஐந்தே முக்கால் நிமிடம் பின்தங்கும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு குறுக்கீடு வரும். செயலி தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, நான்கு பைட் கணக்கி ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பும். கணக்கியை அறிவிக்கும்போது வாலட்டைல் என்று குறியுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் அதை ஒருமுறை படித்துவிட்டு, இனி மாறாது என்று தானாக முடிவுகட்டிவிடும்.

இதைவிட நயவஞ்சகமான பள்ளம் ஒன்று இருக்கிறது. இது 8 துணுக்குச் செயலி. நான்கு பைட் எண்ணை ஒரே மூச்சில் படிக்க அதற்குத் தெரியாது. பைட் பைட்டாகத்தான் எடுக்கும். கணக்கியில் 255 இருக்கிறது என்று வையுங்கள். கீழ் பைட்டை எடுத்தாயிற்று: 255. அந்தக் கணத்தில் துடிப்பு வந்து கணக்கி 256 ஆகிறது. இப்போது அடுத்த பைட்டை எடுத்தால் 1. இரண்டையும் சேர்த்தால் 511. காலம் கால் விநாடி முன்னால் பாய்ந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரு முறை நடக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்காது. படிப்பதற்கு முன் குறுக்கீடுகளை நிறுத்துங்கள், படித்துவிட்டு முன்பிருந்த நிலையைத் திருப்பி வையுங்கள். "இயக்கு" என்று கண்மூடித்தனமாகச் சொல்லாதீர்கள். உங்களை அழைத்தவர் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருக்கக்கூடும்.

கணக்கி 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதனால் "இப்போது, தொடக்கம் கூட்டல் இடைவெளியைத் தாண்டியதா" என்று கேட்காதீர்கள். "இப்போதிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் இடைவெளி அளவு வருகிறதா" என்று கேளுங்கள். குறியில்லா எண்களில் கழித்தல் சுற்றிவந்தாலும் விடை சரியாகவே வரும். சோதிப்பதற்கு 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை; நிரம்புவதற்குப் பத்து விநாடி முன்னாலிருந்து கணக்கியைத் தொடங்கிப் பாருங்கள். லினக்ஸின் கருவும் இதற்காகவே தன் கணக்கியை நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் முந்திய எண்ணில் தொடங்குகிறது.

மூன்றாம் படி: வேலைப் பட்டியல்

ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு செயற்கூறின் முகவரி, எத்தனை மில்லிவிநாடிக்கு ஒருமுறை அழைக்க வேண்டும், கடைசியாக எப்போது அழைத்தோம். சுழலுக்குள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, நேரம் வந்ததை அழையுங்கள். அழைக்கப்பட்டது தன் சிறு வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும். பொத்தானை 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பார்த்து, தொடர்ந்து மூன்று முறை ஒரே விடை வந்தால் மட்டும் நம்புங்கள். உள்ளிருக்கும் தகடு துள்ளும்.

முப்பது வரியில் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் வீட்டுத் தேவைகள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் மீன்தொட்டி விளக்கைப் போடவும் இதற்கு மேல் எழுதுவது ஆடம்பரம். அக்காள் மகன் ஆடம்பரத்தைத்தான் விரும்பினான். அவனுக்கு இருந்த குறையும் நியாயமானதே: நீளமான வேலை ஒன்றைத் துண்டுதுண்டாக வெட்டி, எந்தத் துண்டில் நிற்கிறோம் என்று தானே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுவில் நிறுத்திவிட்டு, பிறகு அதே இடத்திலிருந்து தொடர முடியாதா?

நான்காம் படி: செயலியை ஏமாற்றுவது

நம் ஊர் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், நள்ளிரவில் ஒரே பணியாள் பத்து மேசைகளைக் கவனிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மேசைக்கு என்ன போயிற்று, என்ன பாக்கி என்பதையெல்லாம் அவர் தலையில் சுமப்பதில்லை. சீட்டில் எழுதி, அந்தந்த மேசையிலேயே குவளைக்கு அடியில் செருகிவிட்டுப் போகிறார். திரும்பி வர மேசை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

செயலியும் அப்படித்தான். அது அந்த நேரத்தில் கையில் வைத்திருப்பவை பதிவகங்கள். மேசை என்பது ஒவ்வொரு பணிக்கும் நாம் தனியாக ஒதுக்கும் நினைவகத் துண்டு, அதாவது ஸ்டேக். மேசை இருக்கும் இடத்தைச் சொல்வது ஸ்டேக் பாயிண்டர். கையில் இருப்பதை ஸ்டேக்கில் வைத்து, பாயிண்டரை மட்டும் குறித்துக்கொண்டு, வேறொரு மேசைக்குப் போய்விடலாம்.

இது எப்படி முடிகிறது? ஒரு செயற்கூறை அழைக்கும்போது, முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரியைச் செயலி ஸ்டேக்கில் வைக்கிறது. முடிந்ததும் ஸ்டேக்கின் உச்சியில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கே போகிறது. தான் புறப்பட்ட இடம்தானா அது என்று சரிபார்ப்பதில்லை. இந்த அசட்டு நம்பிக்கைதான் நமக்குத் திறந்திருக்கும் வாசல்.

"வழிவிடு" என்று ஒரு செயற்கூறு எழுதுங்கள். அது முதலில் பதிவகங்களை ஸ்டேக்கில் தள்ளும். 32ஐயும் தள்ளத் தேவையில்லை. ஏவிஆர் கம்பைலரின் உடன்படிக்கைப்படி, அழைக்கப்படும் செயற்கூறு காப்பாற்றித் தர வேண்டியவை ஆர்2 முதல் ஆர்17 வரையும், ஆர்28, ஆர்29ம் மட்டுமே, மொத்தம் 18. பிறகு ஸ்டேக் பாயிண்டரை நடப்புப் பணியின் கணக்கில் எழுதும். அடுத்த பணியைத் தேர்ந்தெடுத்து, அதன் பாயிண்டரை ஏற்றும். 18 பதிவகங்களையும் தலைகீழ் வரிசையில் எடுக்கும். திரும்பும். அந்தத் திரும்பல் போய்ச் சேருவது, அடுத்த பணி முன்னொரு நாள் வழிவிட்டு நின்ற இடத்தில். உள்ளே போனவர் ஒருவர், வெளியே வருபவர் வேறொருவர்.

இதை அசெம்பிளியில்தான் எழுத முடியும். செயற்கூறுக்கு நேக்கட் என்ற அடையாளம் கொடுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் தன் பங்குக்கு முன்னும் பின்னும் சில வரிகளைச் சேர்த்துக் கணக்கைக் குலைத்துவிடும். ஸ்டேக் பாயிண்டர் இரண்டு பைட் என்பதால், பாதி மாறிய நிலையில் துடிப்பு வந்துவிடாதபடி குறுக்கீட்டை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

இதுவரை ஓடாத பணியை எப்படித் தொடங்குவது? முன்பு ஓடி, வழிவிட்டு நிற்பதைப்போல் பொய்ச் சீட்டு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஏவிஆரில் ஸ்டேக் கீழ்நோக்கி வளர்கிறது. பாயிண்டர் அடுத்த காலி இடத்தைக் காட்டுகிறது. எனவே துண்டின் மேல் நுனியில் பணியின் முகவரியின் கீழ் பைட், அதற்குக் கீழே மேல் பைட், அதற்குக் கீழே 18 பூஜ்யங்கள், பாயிண்டர் அதற்கும் கீழே உள்ள இடத்தில். மொத்தம் 20 பைட். முகவரியின் இரண்டு பைட்டுகளையும் இடம் மாற்றி வைத்தால் செயலி எங்கோ காட்டுக்குள் போய்விடும். நாங்கள் மாற்றித்தான் வைத்தோம். முதல் வார இறுதி அதிலேயே போயிற்று.

பணி ஒவ்வொன்றும் முடிவில்லாச் சுழலாக இருக்கட்டும். அது முடிந்து திரும்பினால், திரும்பும் இடம் என்று ஒன்று இல்லை.

ஐந்தாம் படி: உறக்கம்

இனி டிலே கட்டளையைத் தூக்கி எறியலாம். அதற்குப் பதிலாக "உறங்கு" என்ற செயற்கூறு, தொடங்கிய நேரத்தையும் இடைவெளியையும் பணியின் கணக்கில் எழுதிவிட்டு வழிவிடும். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது நேரம் வராதவர்களைத் தாண்டிப் போங்கள். எல்லோரும் உறங்கினால் என்ன செய்வது? எப்போதும் தயாராக இருக்கும் காவலாளிப் பணி ஒன்றை வையுங்கள். அது செயலியை ஐடில் என்ற லேசான உறக்கத்தில் போட்டு, துடிப்பு வந்து எழுப்பியதும் வழிவிடும். ஆழ்ந்த உறக்க நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் டைமர்1 தானும் தூங்கிவிடும், எழுப்ப ஆள் இருக்காது.

இந்தப் படியில்தான் விளக்குப் பணி மூன்று வரியாகச் சுருங்கியது: மாற்று, 500 உறங்கு, மீண்டும். பக்கத்தில் பொத்தானும் ஒழுங்காகக் கேட்டது. அன்று இரவு நாசி கண்டார் என் செலவு.

மறுநாள் விளக்கு நின்றது

ஒளி உணரும் பணியில் 40 எழுத்து அணி ஒன்றை உள்ளே அறிவித்து, எண்ணையும் எழுத்தையும் சேர்த்து வரியாக்கும் எஸ்பிரிண்ட்எஃப் கொண்டு அழகான வரி ஒன்றை அனுப்ப முயன்றான் அக்காள் மகன். ஒளி அளவு ஒழுங்காக வந்தது. விளக்கு நின்றுபோயிற்று. விளக்குப் பணியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு மணி நேரம் விளக்கின் மூன்று வரிகளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்போது ஒவ்வொரு பணிக்கும் 64 பைட் ஸ்டேக்தான் கொடுத்திருந்தோம். ஒளிப் பணியின் ஸ்டேக் நிரம்பி, நினைவகத்தில் அதற்குக் கீழே இருந்த விளக்குப் பணியின் ஸ்டேக்குக்குள் இறங்கிவிட்டது. இந்தச் சில்லில் வேலி கிடையாது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம். அதோடு, துடிப்பு வரும்போது குறுக்கீடு பயன்படுத்துவதும் அந்த நேரத்தில் ஓடும் பணியின் ஸ்டேக்கைத்தான். ஆகவே எல்லா ஸ்டேக்கிலும் அதற்கும் இடம் வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. தொடக்கத்தில் எல்லா ஸ்டேக்குகளையும் 165 என்ற எண்ணால் நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கீழ் நுனியிலிருந்து எத்தனை 165கள் அழியாமல் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வெள்ளம் வந்து போயிருக்கிறது. நாங்கள் 128ஆக உயர்த்தினோம்; எஸ்பிரிண்ட்எஃப்பை விரட்டிவிட்டு, எண்ணை எழுத்தாக்கும் ஐடோஏவை வைத்துக்கொண்டோம்.

ஆறாம் படி: கேட்காமல் பிடுங்குவது

இதுவரை பணிகள் தாமாக வழிவிட்டன. ஒன்று வழிவிட மறுத்தால் மற்றவை பட்டினி. துடிப்பே பணியை மாற்றட்டும் என்றால், குறுக்கீட்டுக்குள்ளேயே மாற்றலைச் செய்ய வேண்டும். துணிந்து இறங்குமுன் நான்காம் படியை வேறோர் இடத்தில் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

துடிப்பு எந்த வரியின் நடுவிலும் வரும் என்பதால் கம்பைலரின் உடன்படிக்கை இங்கே செல்லாது. 32 பதிவகங்கள், நிலைப் பதிவகம், திரும்பும் முகவரி இரண்டு பைட்: மொத்தம் 35. பதிவகங்களைக் காப்பாற்றியதும் ஆர்1ஐப் பூஜ்யமாக்குங்கள். அதில் எப்போதும் பூஜ்யம் இருக்கும் என்று கம்பைலர் நம்புகிறது, ஆனால் பெருக்கல் கட்டளையின் விடை அதில் வந்து விழும். முடிவில் வழக்கமான திரும்பல் கட்டளை ரெட் அல்ல, குறுக்கீட்டை மீண்டும் இயக்கிவிட்டுத் திரும்பும் ரெட்டி. ரெட் போட்டால் குறுக்கீடு நின்றபடியே இருந்து, முதல் துடிப்போடு இதயம் நின்றுவிடும். பொய்ச் சீட்டையும் "வழிவிடு"வையும் இதே 35 பைட் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒருவர் 20 எழுதி இன்னொருவர் 35 படித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனிமேல் இரண்டு பணிகள் தொடும் எந்த எண்ணும் பகைக்கு வித்து. இரண்டாம் படியின் 511 கதை இனி எல்லா இடத்திலும் நடக்கும். தொடும் கணம் மட்டும் குறுக்கீட்டை நிறுத்துங்கள். பணிகளுக்கு உயர்வு தாழ்வு வைக்க ஆசைப்படுபவர்கள், 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வேண்டியதற்குப் போட்ட பூட்டைத் தாழ்ந்த பணி ஒன்று பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தரப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுக்க, உயர்ந்த பணி அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. விண்கலம் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. பூமியிலிருந்து திருத்தம் அனுப்பித்தான் சரிசெய்தார்கள். எங்கள் இயங்குதளத்தில் எல்லோரும் சமம். வரிசையாக ஒவ்வொருவருக்கும் முறை.

இவ்வளவும் ஓடிய பிறகு ஃப்ரீஆர்டாஸின் ஏவிஆர் பகுதியைத் திறந்து படியுங்கள். 2003இல் ரிச்சர்ட் பேரி தொடங்கிய இயங்குதளம் அது. அதே பொய்ச் சீட்டு, ஆர்1க்கு அதே கவனிப்பு. முன்பு பார்த்தால் தலை சுற்றியிருக்கும் வரிகளில் இப்போது நம் கையெழுத்து தெரியும்.

கடைசிக் கணக்கு இது. நான்கு ஸ்டேக்குகள் 512 பைட், பணிக்கு 10 வீதம் பட்டியல் 40, துடிப்புக் கணக்கி 4, நடப்புப் பணியின் எண் 1. ஆக 557. மீதி 1491 பைட் சும்மா கிடக்கிறது.

பலகையைப் புத்தக அலமாரியின் மேல் ஓடவிட்டுப் போயிருக்கிறான். பத்து விநாடித் தந்திரத்தால் கணக்கியைச் சோதித்துக் காட்டியும் அவனுக்கு மனம் ஆறவில்லை. உண்மையான 49 நாள் 17 மணி நேரத்தைப் பார்க்க வேண்டுமாம். சமையலறை நாட்காட்டியில் அந்தத் தேதிக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறான். யாருடைய கல்யாணம் அது என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.